ஜி.டி. நாயுடுவுக்கு எடிசன் பட்டம் எதற்கு?

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் கட்டப்பட்ட பத்து கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டபோது அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டது. தகுந்த மரியாதைதான். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னதும் தமிழ்நாட்டில் தொடர்ந்து சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அவர் பள்ளிக்கூடத்தை வெறுத்த படிக்காத மேதை, யாருடைய துணையும் இல்லாமல் நூறு கருவிகளை உலகத்துக்கே முதன்முதலாகக் கண்டுபிடித்தவர், இந்தியாவின் எடிசன், அரசாங்கம் உரிமம் மறுத்தும் வரி போட்டும் அவரை முடக்கிப்போட்டது, இல்லாவிட்டால் நாம் எப்போதோ வல்லரசாகியிருப்போம். மேடைப் பேச்சும் பள்ளிக் கட்டுரையும் ஆண்டுவிழா நாடகமும் இந்த நான்கைந்து வாக்கியங்களைத்தான் மாற்றி மாற்றிச் சொல்கின்றன. ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரித்துத் தேசிய விருது பெற்ற ஆவணப்படத்தின் தலைப்பிலேயே எடிசன் பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கதை தவறு என்பதே என் வாதம். நாயுடு இதற்குத் தகுதி இல்லாதவர் என்பதால் நான் இதை மறுக்கவில்லை. அவர் செய்த மிகப் பெரிய காரியத்தை இந்தக் கதை மறைத்துவிடுகிறது. அந்தக் காரியத்திலிருந்து நாம் கற்றிருக்க வேண்டிய பாடத்தையும் தலைகீழாக்கிவிடுகிறது. மறுப்பதற்கு அதுவே காரணம்.

முதலில், எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்திகள். கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர், கோவையில் ஓட்டலில் வேலை செய்து சேர்த்த காசில் அதையே விலைக்கு வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டி இயந்திரம் கற்றார். 1920இல் ஆலை முதலாளி ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்த அந்தத் தொழிலில் 1933 வாக்கில் 280 பேருந்துகள் ஓடின. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோவை நியூ எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் உருவானது. உலர் மின்கலத்தில் ஓடும் ரேசன்ட் சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீள்கிறது. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். 1952இல் இரண்டு பேர் அமரும் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலைக்குத் திட்டமிட்டார், உரிமம் கிடைக்கவில்லை. 1944இல் மோட்டார் தொழில் நிர்வாகத்திலிருந்து விலகினார். 1945இல் கோவையில், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழக் காரணமாக இருந்தார். 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார்.

இந்தச் செய்திகளிலிருந்து எடிசன் கதை எதைப் பொறுக்கி எடுக்கிறது என்று பாருங்கள். சவரக் கருவி, வாக்கு இயந்திரம், கார் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறது. 280 பேருந்துகளை ஒரு வரியில் தள்ளிவிடுகிறது. கல்லூரியைக் கொடைப் பட்டியலில் போட்டுவிடுகிறது. மின்மோட்டாரைச் சொல்லும்போது கூட்டாளியின் பெயரை விழுங்கிவிடுகிறது. ஒருவரே, ஒரே அறையில், உலகில் இல்லாத ஒன்றைப் படைத்தார் என்று சொல்ல வாய்ப்பளிக்கும் பொருள்கள் மட்டும் மிஞ்சுகின்றன. ஆனால் உலகில் முதன்முதல் என்ற அளவுகோலை வைத்தால் நாயுடு தோற்கும் இடமும் இந்தப் பொருள்கள்தான். மின்சார சவரக் கருவியை அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் 1931இலேயே கடைகளுக்குக் கொண்டுவந்துவிட்டார். வாக்குப்பதிவு இயந்திரம் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் ஊர்த் தேர்தலில் 1892இலேயே பயன்பட்டது. ஐந்து வால்வு வானொலி அப்போது பல நாடுகளிலும் விற்ற சரக்கு. தொழில் வரலாறு அறிந்த ஒருவர் இந்தத் தேதிகளை எடுத்து வைத்தால், நாயுடுவை எடிசன் என்று கொண்டாடியவர்களுக்குப் பதில் இருக்காது. அவரைப் பாதுகாப்பதாக நினைத்துக்கொண்டு, எளிதில் உடைக்கக்கூடிய ஓர் இடத்தில் நாமே அவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம்.

அளவுகோலை மாற்றினால் அதே பட்டியல் வேறு செய்தி சொல்கிறது. வானொலியின் சிறப்பு 70 ரூபாய் என்ற விலையில் இருக்கிறது. காரின் சிறப்பு 2,000 ரூபாயில் இருக்கிறது. மண்ணெண்ணெய் விசிறியின் சிறப்பு, மின்கம்பி எட்டிப்பார்க்காத ஊரில் சுழலும் என்பதில் இருக்கிறது. மின்மோட்டாரின் சிறப்பு, அதுவரை கப்பலில் வந்து இறங்கிய ஒரு பொருளை உள்ளூர்ப் பட்டறையில் உள்ளூர்க் கைகளால் செய்ய முடிந்ததில் இருக்கிறது. எங்கோ பிறந்த ஒரு கருவியைப் பிரித்துப் பார்த்து, அதன் உள்ளறிவைக் கைப்பற்றி, இங்கே கிடைக்கும் பொருளைக் கொண்டு, இங்கே இருப்பவர் வாங்கக்கூடிய விலைக்கு மறுபடி செய்வதே நாயுடுவின் வேலைமுறை. இதை இரண்டாந்தரமானது என்று எண்ணுவது பெரிய அறியாமை. ஜப்பானிலும் கொரியாவிலும் தொழில் வளர்ச்சி பெரும்பாலும் இந்த வழியில்தான் தொடங்கியது. ஓர் அடிமை நாட்டின் உள்ளூர் நகரத்தில் இருந்தவர், 1930களிலேயே இந்த வழியைத் தானாகக் கண்டு நடந்தார் என்பது எடிசன் பட்டத்தைவிடக் கனமான புகழ்.

வாக்குப்பதிவு இயந்திரத்தின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். நாயுடு செய்து காட்டியதை அரசு அப்போதே ஏற்றிருந்தால் இந்தியா உலகுக்கு வழிகாட்டியிருக்கும் என்பது அடிக்கடி கேட்கும் குறை. நாம் இன்று பயன்படுத்தும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் எப்படி வந்தது என்று பார்த்தால் இந்தக் குறைக்கு விடை கிடைக்கும். 1970களின் இறுதியில் இ.சி.ஐ.எல். நிறுவனம் மாதிரியை உருவாக்கியது, பெங்களூரின் பி.இ.எல். நிறுவனமும் சேர்ந்துகொண்டது. 1982இல் கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் சில வாக்குச்சாவடிகளில் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இயந்திரத்தில் வாக்களிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் தீர்ப்பு வந்தது. அந்த இயந்திரங்களில் பதிவான இடங்களில் மறுவாக்குப்பதிவு நடந்தது. பிறகு 1989இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. இலட்சக்கணக்கான பணியாளர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது, கட்சிகளுக்குச் செயல்முறை விளக்கம் காட்டப்பட்டது, படிப்படியாகத் தொகுதிகள் கூட்டப்பட்டன. இரண்டு பொதுத்துறை நிறுவனங்களும் தேர்தல் ஆணையமும் துணை நின்றும் ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று. சட்டம், பயிற்சி, பழுதுபார்ப்பு, மக்களின் நம்பிக்கை ஆகிய நான்கும் கூடினால்தான் ஒரு கருவி நாட்டின் கருவியாகிறது. மேசைமேல் ஒரு மாதிரி வெற்றிகரமாக இயங்கியதை வைத்து, மீதி எல்லாவற்றையும் அரசு வேண்டுமென்றே தடுத்ததாகச் சொல்வது கருவிகள் சமூகத்தில் எப்படிக் காலூன்றுகின்றன என்பதை அறியாத பேச்சு.

இன்னொன்றும் உண்டு. எடிசனின் வாழ்க்கையே நாம் சொல்லும் எடிசன் கதைக்கு எதிர்ச்சாட்சி. 1869இல் அவர் பெற்ற முதல் காப்புரிமை ஒரு வாக்குப்பதிவுக் கருவிக்குத்தான். அதை வாங்க ஆளில்லை. அதன்பின் விற்காத பொருளைக் கண்டுபிடிப்பதில்லை என்று முடிவெடுத்ததாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1876இல் நியூ ஜெர்சியின் மென்லோ பார்க்கில் அவர் அமைத்த ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் பேச்சலர், ஜான் க்ரூஸி, கணிதம் பயின்ற ஃபிரான்சிஸ் அப்டன் போன்றோர் உடனிருந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் அவர் பெயரில் பதிவான 1,093 காப்புரிமைகளுக்குப் பின்னால் சம்பளம் வாங்கிய ஒரு பெரிய படை இருக்கிறது. மின்விளக்கில் இங்கிலாந்தின் ஜோசப் ஸ்வான் உள்ளிட்ட பலர் அவருக்கு முன்பே உழைத்திருந்தார்கள். எடிசனின் தனிச்சிறப்பு, 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் நிறுவி, கம்பி இழுத்து, மீட்டர் பொருத்தி, விளக்கை ஒரு முழு ஏற்பாட்டின் பகுதியாக்கியதில் இருக்கிறது. ஆகவே தனிமையில் உலகத்தை மாற்றும் மேதை என்ற உருவம் அமெரிக்காவிலேயே பொய். அந்தப் பொய்யை இறக்குமதி செய்து நம்மவருக்குச் சட்டையாக மாட்டிவிடுகிறோம்.

நாயுடுவைப் புரிந்துகொள்ள நியூ ஜெர்சிக்குப் போக வேண்டாம், கொங்கு மண்ணைப் பார்த்தால் போதும். மழை குறைந்த, ஆழக் கிணறு தோண்டியே பயிர் செய்யும் பூமி அது. கரிசலில் பருத்தி விளைந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலை ஊருக்கு நூற்பு இயந்திரத்தின் ஓசையைப் பழக்கியது. 1926இல் பி.எஸ்.ஜி. குடும்பத்தின் அறநிலையம் தொழிற்கூடம் ஒன்றை நிறுவி இளைஞர்களுக்குக் கடைசலும் வார்ப்பும் கற்றுத் தந்தது. 1932இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் இறங்கியது. ஆலைகள் பெருகின, கிணற்று மேட்டுக்கும் கம்பி வந்தது. கவலை இறைத்த மாடுகளுக்குப் பதில் நீர் இறைக்க ஒன்று வேண்டும் என்ற தேவை வயலில் எழுந்தது. மின்சாரம் வந்து ஐந்தாண்டுக்குள் உள்நாட்டு மோட்டார் அங்கே பிறந்தது தற்செயல் அல்ல. தேவை இருந்தது, மின்சாரம் இருந்தது, வார்ப்படச்சாலை இருந்தது, கடைசல்காரர்கள் இருந்தார்கள், ஆலை முதலாளிகளிடம் பணம் இருந்தது. இவை எல்லாவற்றையும் ஒரே வேலையில் கோத்துப் பார்க்கும் கண் நாயுடுவிடமும் பாலசுந்தரத்திடமும் இருந்தது. அந்த மோட்டார் அனுபவத்தைக் கையிலெடுத்துக்கொண்டு பாலசுந்தரம் டெக்ஸ்டூல் நிறுவனத்தைக் கட்டினார். பின்னாளில் கோவை முழுக்க நூற்றுக்கணக்கான மோட்டார், பம்பு பட்டறைகள் கிளைத்தன. 1955இல் அதே ஊரில் சபாபதி என்பவர் மோட்டார் பூட்டிய வெட் கிரைண்டரை உருவாக்கினார். 2022இல் கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு மோட்டார் ஒரு நகரத்தையே தொழில் நகரமாக்க உதவியிருக்கிறது. மேதையின் தனிச்செயல் என்று சொன்னால் இந்தத் தொடர்ச்சியை விளக்கவே முடியாது.

யு.எம்.எஸ். பேருந்துகளுக்கு வருவோம். எடிசன் கதையில் அது முன்னுரை மட்டும். என் கணிப்பில் அதுதான் நாயுடுவின் ஆய்வுக்கூடம். 1920களின் சாலைகளை நினைத்துப் பாருங்கள். வண்டி வெளிநாட்டுச் சரக்கு. உதிரிபாகம் கப்பலில் வரவேண்டும். மண் சாலையில் ஸ்பிரிங் முறியும், பேரிங் தேயும், ரேடியேட்டர் கொதிக்கும். வண்டி நின்றால் அன்றைய வரும்படி போயிற்று. ஒரு வண்டியிலிருந்து பத்தாண்டு சொச்சத்தில் 280 வண்டிகளுக்கு வளர்ந்த நிறுவனம், பழுதை உடனே கண்டுபிடிக்கும் மெக்கானிக்குகளும், பாகத்தை அளந்து இங்கேயே கடைந்து தரும் பட்டறையும், நேரப்படி வண்டி எடுக்கும் ஓட்டுநர்களும், கணக்கு பிசகாத நடத்துநர்களும் இல்லாமல் ஒரு வாரம்கூட ஓடியிருக்காது. அந்த ஆள்களை வேலைக்கு எடுக்க அப்போது எந்த ஐ.டி.ஐ.யும் கிடையாது, நிறுவனமே அவர்களை உருவாக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் செய்த அத்தனை கருவிகளுக்கும் வேண்டிய கைத்திறனும் அளவு ஒழுக்கமும் பணமும் அந்தப் பேருந்துப் பட்டறையில் சேர்ந்தவை. 1967இல் அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை பதினொரு மணி நேரத்தில் அவர் ஒரு வீட்டைக் கட்டி முடித்ததை இன்றும் அதிசயமாகச் சொல்கிறார்கள். அதில் புதிய கருவி எதுவும் இல்லை. கொத்தனார், தச்சர், மின்பணியாளர் ஒவ்வொருவரும் எந்த நிமிடம் எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்த திட்டம் இருக்கிறது. பேருந்து நிர்வாகத்தில் பழகிய மூளையின் வேலை அது.

இனி, அரசாங்கம் அவரை முடக்கியது என்ற குற்றச்சாட்டு. இதில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம், புதிய ஆலைக்கு டெல்லியின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. அந்த ஏற்பாட்டில் கோவையிலிருந்த ஒரு தனிமனிதர் கார் செய்ய உரிமம் கேட்டால் கிடைப்பது அரிது. 1942இல் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸும் 1944இல் தொடங்கிய பிரீமியர் நிறுவனமும் ஏற்கெனவே களத்தில் இருந்தன. சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று 1953இல் அரசு, இங்கேயே பாகங்களைப் படிப்படியாகச் செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்றதும், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவைவிட்டு வெளியேறின. நாயுடுவின் சிறிய காருக்கு உரிமம் மறுத்தது தவறு. மலிவான கார் ஒன்றுக்கு இந்த நாடு மேலும் முப்பதாண்டு காத்திருக்க நேர்ந்ததே அதற்குச் சான்று. இதை ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மாதிரிக் கார் ஒன்றைச் செய்வதற்கும் ஆண்டுக்குப் பத்தாயிரம் கார் செய்வதற்கும் நடுவே டை, வார்ப்புரு, தரமான எஃகு, பாகம் தரும் துணைநிறுவனங்கள், ஊருக்கு ஊர் பழுதுபார்ப்பு நிலையம் என்று எவ்வளவோ இருக்கிறது. 2,000 ரூபாய் என்ற விலை இவற்றையெல்லாம் தாண்டி நின்றிருக்குமா என்பதைச் சோதிக்க வரலாறு வாய்ப்பளிக்கவில்லை. சோதிக்கப்படாத ஒன்றைச் சாதித்துவிட்டதாக எழுதுவது புகழ்ச்சி ஆகலாம், வரலாறு ஆகாது.

இதைவிட முக்கியமானது இன்னொரு சான்று. அதே சட்டம், அதே வரி, அதே டெல்லி இருந்த காலத்தில்தான் கோவையின் இயந்திரத் தொழில் பெருகியது. அதன் பட்டறைகள் செய்த மோட்டார் பம்புகள் அப்போதுதான் கிராமம் கிராமமாக நீர் இறைத்தன. 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கி நூற்பு இயந்திரமே செய்தது. சென்னைப் பக்கம் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, 1955இல் என்ஃபீல்டு இந்தியா வந்தது. உரிமக் கெடுபிடி கொடியதுதான், ஆனால் திறனுள்ள கைகளும் வாடிக்கையாளர் தேவையும் ஒன்றுசேர்ந்த இடத்தில் தொழில் தழைத்தே இருக்கிறது. அந்தக் கைகளை உருவாக்கியதில் நாயுடுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அரசு அவரை அழித்துவிட்டது என்று நாம் அழும்போது, அவர் விதைத்து, அவர் கண்முன்னே விளைந்த ஒரு மாவட்டத்தின் அறுவடையைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறோம். வரிச்சுமையை எதிர்த்துத் தாம் செய்த கருவிகளைத் தாமே மக்கள் முன் உடைத்துக் காட்டியதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியை அவர் வாழ்க்கையின் உச்சக் காட்சியாக்குகிறவர்கள் உண்டு. கோபமுள்ள ஒரு குடிமகனின் எதிர்ப்பாக அதை மதிக்கலாம். எண்பது ஆண்டு வாழ்ந்து ஓயாமல் கட்டி எழுப்பிய ஒருவரை, உடைத்த ஒரு நாளைக் கொண்டு அடையாளம் காட்டுவது நியாயம் ஆகாது.

கதையின் மிகக் கெடுதலான பகுதி படிக்காத மேதை என்ற சொற்கட்டு. நாயுடு படிக்கவில்லை, ஆகவே படிப்பு தேவையில்லை என்று மாணவர்களிடம் நேராகவே சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர் வாழ்க்கை சொல்வது இதற்கு நேர் எதிர். வகுப்பறையைவிட்டு வந்தவர் கற்பதைவிட்டு வரவில்லை. வெளிநாடுகளுக்குப் பலமுறை போய் ஆலைகளைப் பார்த்தார், கருவிகளை வாங்கிவந்து பிரித்துப் பார்த்தார். கையில் பணம் சேர்ந்ததும் கல்லூரிக்குக் கொடுத்தார். இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று வழங்கும் ஜி.சி.டி.யின் வேர் 1945இல் அப்படி ஊன்றியதுதான். அதன் தொடக்கத்தில் அவரே முதல்வர் பொறுப்பும் ஏற்றார். பொறியியலுக்கு நான்காண்டு என்பது காலவிரயம், பட்டறைப் பயிற்சியோடு இரண்டாண்டில் கற்பிக்கலாம் என்று வாதிட்டார். அரசு ஏற்காததால் விலகினார். இந்தச் சண்டையைக் கல்வியின் மேலுள்ள வெறுப்பாகப் படிப்பது பிழை. கல்வி எப்படித் தரப்பட வேண்டும் என்பதில் உறுதியான கருத்துள்ள ஓர் ஆசிரியரின் சண்டை அது. இரண்டாண்டு போதும் என்ற அவர் முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கணக்கும் இயற்பியலும் ஆழ ஊன்றக் காலம் வேண்டும். ஆனால் கையும் மூளையும் ஒரே அறையில் கற்க வேண்டும் என்ற அவருடைய அடிப்படை எண்ணத்தை நம் கல்லூரிகள் இன்னும் எட்டவில்லை. கடைசல் இயந்திரத்தைத் தொடாமலே இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கிவிடலாம் என்ற நிலை இருக்கும்வரை அந்த வாதம் உயிரோடுதான் இருக்கிறது.

என்ன இருந்தாலும் இது ஊக்கம் தரும் கதைதானே, பிள்ளைகளுக்கு ஒரு முன்மாதிரி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், ஆனால் எந்த முன்மாதிரி என்பதுதான் கேள்வி. திருத்தணி மலையடிவாரத்தை அடுத்த திருவாலங்காட்டை எடுத்துக்கொள்வோம். ஆந்திர எல்லைக்குப் பக்கத்து ஊர். கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது; சுற்றிலும் கரும்பு விவசாயிகள். ஓர் அரவைப் பருவம் பிசகில்லாமல் நடக்க பிட்டரும் வெல்டரும் கொதிகலன் இயக்குநரும் மின்பணியாளரும் தரக்கட்டுப்பாட்டு ஆளும் வேண்டும். ஒரு நாள் மில் நின்றாலும் வெட்டிய கரும்பு வயலில் காயும், விவசாயிக்கு எடை குறையும். இப்படிப்பட்ட ஊரில் ஐ.டி.ஐ. படிக்கும் ஒரு மாணவனுக்கு எடிசன் கதை என்ன சொல்கிறது? உலகம் காணாத ஒன்றை நீ தனியாகக் கண்டுபிடித்தால்தான் உனக்குப் பெயர், மற்றதெல்லாம் வெறும் கூலிவேலை என்கிறது. அரசு உன்னைக் கண்டுகொள்ளாது என்று முயற்சிக்கு முன்பே சாக்கும் கொடுக்கிறது. உண்மையான நாயுடு அவனுக்குச் சொல்லக்கூடியது வேறு: முன்னால் நிற்கும் இயந்திரத்தைப் பிரித்து அறிந்துகொள், அதன் தேய்ந்த பாகத்தை இங்கேயே செய்யப் பார், செலவைக் குறை, கூட இருப்பவனுக்குக் கற்றுக்கொடு, பிறகு சொந்தப் பட்டறை போடு. இரண்டில் எது ஊக்கம் தருகிறது என்பதை வாசகரே முடிவு செய்யலாம். முதலாவதைப் பின்பற்றி வெல்பவர் தலைமுறைக்கு ஒருவர். இரண்டாவதைப் பின்பற்றி வாழ்வு பெற்றவர்கள் கோவையில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

இதே திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த இராசேந்திர சோழனின் செப்பேடுகள் நமக்கு இன்னொரு பழக்கத்தை நினைவூட்டுகின்றன. பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த செய்தியைச் சொல்லும் அந்த 31 ஏடுகளில் மன்னனின் குலப்பெருமை விரிவாக இருக்கிறது. அதோடு வடமொழிப் பகுதியை இயற்றிய நாராயணரின் பெயரும், அதைச் செம்பில் வெட்டிய கைவினைஞர்களின் பெயர்களும் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் ஆவணம், ஆணையிட்டவரோடு செய்தவரையும் பதிவு செய்தது. இருபதாம் நூற்றாண்டின் ஒரு தொழிலகத்தைப் பற்றிப் பேசும் நாம், ஒரே ஒரு பெயரை வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுகிறோம். யு.எம்.எஸ். பட்டறையில் பாகம் கடைந்தவர்கள், நியூ எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் சுருள் சுற்றியவர்கள், பதினொரு மணி நேரத்தில் சுவர் எழுப்பியவர்கள் யாருடைய பெயரும் பொதுக் கதையில் இல்லை. நாயுடு மேல் உள்ள அன்பால் நாம் இதைச் செய்யவில்லை. உழைப்பைப் பற்றிய நம் பழைய இளக்காரமே இப்படி வெளிப்படுகிறது. தலை வேலை செய்பவர் மேதை, கை வேலை செய்பவர் ஆள் என்ற பாகுபாட்டை உடைத்தவரைக் கொண்டே அந்தப் பாகுபாட்டுக்கு வலுச்சேர்க்கிறோம்.

இப்படிப் பேசினால் நாயுடுவின் உயரம் குறைந்துவிடாதா என்பது கடைசி ஆட்சேபம். குறையாது. கண்டுபிடிப்பாளர்களின் குடும்பத் தொழில்கள் பல, நிறுவனரோடு முடிந்துபோகின்றன. அறிவு ஒரே மூளையில் பூட்டிக் கிடந்ததே அதற்கு முக்கியமான காரணம். நாயுடுவின் குடும்பத்தில் அது நடக்கவில்லை. மகன் ஜி.டி. கோபால் பொறுப்பேற்றார். ஜி.டி. நாயுடு அறநிலையம் தொடர்ந்து இயங்குகிறது. அதன் கண்காட்சிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். குடும்பத்தின் ஜிடி வெய்லர் நிறுவனம் துல்லியக் கடைசல் இயந்திரங்களைச் செய்கிறது. தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் நடக்கிறது. கடைசல் இயந்திரம் என்பது மற்ற இயந்திரங்களைச் செய்யும் இயந்திரம். பயிற்சி நிலையம் என்பது தொழில் தெரிந்த மனிதர்களை உருவாக்கும் இடம். நிறுவனர் மறைந்து ஐம்பதாண்டுக்குப் பிறகும் குடும்பம் இந்த இரண்டையும் கைவிடாமல் வைத்திருப்பது, அவர் வாழ்க்கையின் மையம் எது என்பதற்கு நேரடிச் சான்று. சவரக் கருவி கண்காட்சிக் கண்ணாடிக்குள் போய்விட்டது. பயிற்சி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது எளிது. பாடநூலில் நாயுடுவைப் பற்றி எழுதும்போது எடிசன் பட்டத்தை விட்டுவிடுங்கள். சவரக் கருவிக்கு ஒரு வரி போதும். பேருந்துப் பட்டறைக்கு ஒரு பக்கம் கொடுங்கள். மோட்டாரைச் சொல்லும் இடத்தில் பாலசுந்தரத்தின் பெயரையும் பைக்காரா மின்சாரத்தையும் சொல்லுங்கள். உரிமம் மறுத்த அரசைக் கண்டியுங்கள். அதோடு, அதே ஆண்டுகளில் கொங்கு நாட்டில் எத்தனை பட்டறைகள் எழுந்தன என்பதையும் மாணவர்களைக் கொண்டே தேடி எழுத வையுங்கள். மேம்பாலத்துக்குப் பெயர் வைத்த அரசு, அவர் வாதாடிய பட்டறைக் கல்வியை அரசு ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் நல்ல இயந்திரங்களோடும் நல்ல ஆசிரியர்களோடும் செய்து காட்டட்டும். அமெரிக்கப் பெயர் ஒன்றைக் கடன் வாங்கி மதிப்பிடத் தேவையில்லாத அளவுக்குப் பெரிய காரியத்தை ஜி.டி. நாயுடு செய்திருக்கிறார். தொழில் தெரிந்தவர்களை ஆயிரக்கணக்கில் உருவாக்குவதே ஒரு நாட்டின் தொழில் வளர்ச்சி என்று அவர் வாழ்ந்து காட்டினார். அவரை மதிப்பதாகச் சொல்லும் எவரும் இனி அந்தக் கணக்கில்தான் பதில் சொல்ல வேண்டும்.